வீட்டுக் கூலியின் கணக்கு

பட்டம் பெறும் உங்களில் பலர் நாளை வங்கியிலும் தணிக்கை அலுவலகத்திலும் பட்டாசு ஆலைகளின் கணக்குப் பிரிவிலும் அமரப்போகிறீர்கள். அங்கே உங்கள் மேசைக்கு வராத ஒரு கணக்கைப் பற்றிப் பேச விரும்புகிறேன். 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலும், அதைத் தொடர்ந்து வந்த பட்டாசும் ஆலைக்குள் மட்டும் வளரவில்லை. பெட்டி ஒட்டுவதும் பட்டாசுக் குழாய் சுற்றுவதுமாகச் சிவகாசி, சாத்தூர் பக்கத்து வீடுகளுக்குள்ளும் வளர்ந்தன. கம்பியில் காகிதத்தைச் சுற்றி, பசை தடவி, உருவியெடுத்து வெயிலில் காயவைக்கிறாள் ஒரு பெண். ஏஜென்ட் எண்ணிக்கைக்கு, அதாவது குரோஸ் கணக்கில், கூலி தருகிறார். வேலை செய்யும் இடம், மின்சாரம், மழையில் நமுத்த சரக்கின் நட்டம் எல்லாம் அவள் பொறுப்பு. முதலாளிக்குரிய செலவுகளை ஏற்கும் அவளுக்கு விலை சொல்லும் உரிமை கிடையாது. தொழிலாளிக்குரிய வைப்பு நிதியும் பெரும்பாலும் கிடையாது. அந்தக் கூலியைக் கைச்செலவுக் காசு என்கிறார்கள். மளிகைப் பாக்கியும் குழுக் கடன் தவணையும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் அதிலிருந்து போகும்போது, அதுதான் குடும்பத்தின் நிதி.

வீட்டிலிருந்தபடி, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே சம்பாதிக்கும் வசதி உண்டே என்பார்கள். உண்மைதான், அந்த வசதி பறிபோகக் கூடாது. ஆனால் ஆலைக்கும் கொட்டகைச் செலவு மிச்சமாகிறது. அந்த மிச்சத்தில் அவளுக்குப் பங்கில்லை. கூலியை உயர்த்தினால் தொழிலே போய்விடும் என்பது அடுத்த வாதம். பக்கத்திலேயே பதில் இருக்கிறது. நெல்லை, தென்காசிப் பெண்களும் வீட்டில் உட்கார்ந்துதான் பீடி சுற்றுகிறார்கள். 1966-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைத் தொழிலாளர் என்றது. வருங்கால வைப்பு நிதி அவர்களுக்கும் உண்டென்று 1985-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதனால் பீடித் தொழில் மறுநாளே மூடப்படவில்லை. அங்கும் ஏய்ப்பு நடக்கிறது. ஆனால் ஏய்ப்பு என்று சொல்லச் சட்டம் இருக்கிறது. பட்டாசு ஆபத்தான தொழில், பீடியோடு ஒப்பிடலாமா என்றும் கேட்பார்கள். வெறும் காகிதக் குழாயில் வெடிமருந்து இல்லை. குழாய்க் கூலி கட்டுப்படியாகாதபோதுதான் சில வீடுகளுக்குள் மருந்தும் நுழைகிறது என்றே கருதுகிறேன். அதனால் உயிர்கள் போயிருக்கின்றன.

ஆகவே, 'குழாய் கொள்முதல்' என்று ஒரே வரியில் வரும் தொகையைப் பிரித்துப் பாருங்கள்: எத்தனை குரோஸ், எத்தனை மணி நேரம், ஒரு நாளைக்கு எவ்வளவு விழுகிறது? குறைந்தபட்ச ஊதியத்தை எட்டவில்லையென்றால் நிர்வாகத்திடம் எழுத்தில் சொல்லுங்கள். வங்கியில் அமர்பவர்கள், அவளுடைய கூலி நோட்டை வருமானச் சான்றாக ஏற்கும் வழியைத் தேடுங்கள்.