ஏரிக்கரை நடை



"ரிட்டயர் ஆகி என்னப்பா பண்றே?"ன்னு காலையிலிருந்து கேட்கிறீர்கள். ஓசூரில் முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்தவன், இப்போது ஊத்தங்கரையில் தினமும் ஏரிக்கரையில் நடக்கிறேன். மகள் பெங்களூரில். பேத்திக்கு ரெண்டு வயசு.

ஊர்ச் சமாச்சாரமும் ஒன்று உண்டு. ஃபெஞ்சல் புயலில், 2024 டிசம்பர் 2-ந் தேதி காலை வரையான 24 மணி நேரத்தில் எங்கள் ஊரில் 50 செ.மீ. மழை. ஏரி நிரம்பி வழிந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்ற வேன், கார்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள்.

அன்று முதல் போன், இருபது வருஷமாக என்னோடு பேசாத நம்ம வகுப்புத் தோழனிடமிருந்து. "டேய், பத்திரமா இருக்கியா?" பழைய மனஸ்தாபமெல்லாம் அந்தத் தண்ணியோடு போச்சு.

இப்போது ஞாயிற்றுக்கிழமை அவனும் பஸ் ஏறி வர்றான். கலங்கல் தாண்டித் தண்ணீர் போகும் வழி எது என்று பார்த்துக்கொண்டே நடக்கிறோம். தினம் நடந்தும் அதை நான் முன்பு கவனித்ததில்லை.

மாணவர்களே, உங்க ஊர் ஏரித் தண்ணி எந்த வழியாப் போகுதுன்னு ஒருநாள் நடந்து பாருங்க. தோழர்களே, ஒரு போன் பண்ண அடுத்த வெள்ளம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.