கஞ்சி அடுப்பும் உப்புக்காற்றும்

(ரமழானுக்கு முந்தைய ஜும்ஆத் தொழுகைக்குப் பின் நமது பள்ளிவாசலில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

அரசு வழங்கும் பச்சரிசி வந்து சேர்ந்ததும் நோன்புக் கஞ்சிக்கு அடுப்பு மூட்டுவோம். ஹஜ்ஜுப் பெருநாளில் நம் இளைஞர்கள் கேஸ் கிரில்லில் இறைச்சியை வாட்டுவார்கள். இரண்டிலும் எரிவது ஒரே வாயு; அதைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

சென்ற ரமழானில் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின் கஞ்சிக் கொட்டகைக்குச் சென்றேன். கடற்காற்றில் அடுப்பு அணைகிறது என்று நான்கு புறமும் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அப்படியும் ஓர் அடுப்பு அணைந்திருந்தது; வாயு மட்டும் வந்துகொண்டிருந்தது. அதை மீண்டும் பற்றவைக்க ஒரு தம்பி தீக்குச்சியைக் கையில் எடுத்துவிட்டார். வாடை என் மூக்கில் பட்டதால் தடுத்தேன். வால்வை மூடி, தார்ப்பாயை அவிழ்த்து, வாடை முற்றிலும் நீங்கும்வரை காத்திருந்தோம். அன்று கஞ்சி தாமதமானதைக் குறை கூறியோரும் உண்டு!

சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. அது புகைபோல் மேலே போகாது. தரையோடு படர்ந்து தேங்கும். அதற்கு இயல்பாக மணமும் கிடையாது. கசிவை நாம் அறிவதற்காகவே அந்தத் துர்வாடையைச் சேர்க்கிறார்கள். ஆகவே காற்றைத் தடுக்க ஒரு பக்கம் மட்டும் செங்கல் மறைப்பு வையுங்கள். மற்றப் பக்கங்கள் திறந்திருக்கட்டும். கிரில்லையும் காற்றுக்கு அஞ்சித் தாழ்வாரத்திற்குள் கொண்டுவராதீர்கள். பற்றவைக்கும்போது அதன் மூடி திறந்திருக்க வேண்டும். சில நொடிகளில் பற்றாவிட்டால் வாயுவை மூடி, ஐந்து நிமிடமாவது பொறுத்திருங்கள்.

உப்பளத்தில் இரும்பு நிலைப்பதில்லை என்பது மரக்காணத்துப் பகுதி மக்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதன்று. உப்பள வரப்பில் வைத்த மண்வெட்டி துருவேறுவதைப் பார்க்கும் நாம், ரெகுலேட்டரையும் குழாயை இறுக்கும் வளையத்தையும் பார்ப்பதில்லை. பர்னர் துளைகளில் துரு அடைத்தால் நீலச் சுடர் மஞ்சளாகிக் கரி படியும். கிரில்லை மாதக்கணக்கில் மூடி வைத்தால் அதன் குழலுக்குள் சிலந்தி கூடு கட்டும். அப்போது தீ திருகு இருக்கும் பக்கமே திரும்பக்கூடும். எனவே உபயோகிக்குமுன் துலக்குங்கள். உவர்நீரில் கழுவிவிட்டு அப்படியே விடாதீர்கள்; நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்துங்கள்.

ரப்பர் குழாயில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஆண்டும் இருக்கும். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அதை வைத்திருக்கலாகாது. வெடிப்பு கண்டால் அன்றே மாற்ற வேண்டும். இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழி எழுந்தால் கசிவு. தீக்குச்சியைக் காட்டிச் சோதிக்கும் வழக்கத்தை விட்டொழியுங்கள். சிலிண்டரின் மேல்வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறத்தில் ஏ, பி, சி, டி என ஓர் எழுத்தும் ஆண்டும் இருக்கும். அது மறுசோதனைக்குரிய காலாண்டைக் குறிக்கும், கடந்திருந்தால் வாங்காதீர்கள். வீட்டுக்கான 14.2 கிலோ சிலிண்டரைப் பொதுச் சமையலுக்குப் பயன்படுத்துவது விதிமீறல்; அதற்கென 19 கிலோ சிலிண்டர் உண்டு.

வாடை வந்தால் மின்விசையைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வால்வை மூடி, கதவுகளைத் திறந்து, வெளியே சென்று 1906 என்ற எண்ணை அழையுங்கள். கொழுப்பு உருகிக் கிரில்லில் தீ எழுந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். வாயுவை அடைத்து மூடியைப் போடுங்கள்.

கஞ்சிக் கொட்டகையின் கூரை இன்னும் கீற்றாகவே இருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் சத்துணவுக் கூடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரையில் பற்றி 94 பிள்ளைகளைப் பலிகொண்டது. நம் கொட்டகையில் மாலைதோறும் தூக்குவாளியுடன் வரிசையில் நிற்பவர்களும் பிள்ளைகள்தாம். தகரக் கூரைக்கான செலவை நிர்வாகிகள் இந்த ஆண்டே ஏற்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு தீப்பற்றியபோது, உறங்குமுன் நெருப்பை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியதை அறிவீர்கள். நம் வீட்டு அடுப்பை நாம் அணைக்கிறோம். பள்ளியின் அடுப்பை மற்றவர் அணைத்திருப்பார் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் போய்விடுகிறோம். ஆதலால் இவ்வாண்டு இரண்டு பேரைப் பெயர் குறித்து நியமியுங்கள். அவர்கள் முதலில் சிலிண்டர் வால்வை மூடி, குழாயில் மிஞ்சிய வாயு எரிந்து தீர்ந்தபின் அடுப்புத் திருகை மூடி, அதன் பிறகே இஃப்தாருக்கு வந்து அமரட்டும். அவர்களுக்குரிய கஞ்சியை நாம் எடுத்து வைப்போம்.