பெரியவர்களின் இரவுத் தூக்கம் நம் பொறுப்பு
(நமது டிரஸ்டின் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





நம் வீட்டுப் பெரியவர்கள் வெளியில் சொல்லக் கூச்சப்படும் ஒரு விஷயத்தை இன்று பேசுகிறோம். இரவில் திரும்பத் திரும்பச் சிறுநீர் கழிக்க எழுவதைப் பற்றித்தான்.

வயது ஏறினால் ஒருமுறை எழுவது சகஜம். மூன்று, நான்கு முறை என்றால் 'வயசாச்சு, அப்படித்தான்' என்று விட்டுவிடக் கூடாது. கட்டுப்படாத சர்க்கரை, புராஸ்டேட் வீக்கம், சிறுநீர்த் தொற்று, இதயக் கோளாறு என்று பல காரணங்கள் இருக்கலாம். பகலில் காலில் தேங்கிய நீர், படுத்த பிறகு சிறுநீராக இறங்குவதும் உண்டு.

இதற்குப் பயந்து பெரியவர் என்ன செய்கிறார்? மாலையிலிருந்தே தண்ணீரை நிறுத்துகிறார். பிறகு சாப்பாட்டையும் குறைக்கிறார். மலச்சிக்கல் வருகிறது, அது சிறுநீர்ப்பையை அழுத்தித் தொந்தரவை இன்னும் கூட்டுகிறது. கைலியில் கசிந்துவிடுமோ என்று பள்ளிவாசலுக்கு வருவதை நிறுத்துகிறார். கல்யாண வீட்டுக்கும் போவதில்லை. தூக்கமும் இல்லை, துணையும் இல்லை என்றால் மனம் என்ன ஆகும்? 'நான் இருந்து யாருக்கு என்ன பயன்' என்கிறார். நாமோ அதைப் பிடிவாதம் என்று நினைக்கிறோம்.

முதலில், வாப்பாவிடமும் உம்மாவிடமும் தனியாக, மரியாதையாகக் கேளுங்கள். மூன்று நாட்கள், எத்தனை மணிக்கு எழுந்தார்கள், என்ன குடித்தார்கள் என்று குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். சாப்பிடும் மாத்திரைகளையும் கொண்டு போங்கள். நீர் பிரியும் மாத்திரையை எந்த நேரத்தில் போடுவது என்பதை அவரே சொல்லட்டும். நாமாக மாற்றக் கூடாது.

தண்ணீரை அடியோடு குறைக்க வேண்டாம். மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் தவிர, காலையிலும் பகலிலும் நன்றாகக் குடிக்கட்டும். மாலைக்குப் பிறகு குறைக்கட்டும். இஷாவுக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு, ஊறுகாய், அப்பளத்தைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது. முட்டை, மீன், பயறு, காய்கறி தட்டில் இருக்கட்டும். இரவுச் சாப்பாட்டை நேரத்தோடு முடித்து, பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடச் செய்யுங்கள். தனியாகச் சாப்பிடுகிறவருக்குப் பசி குறையும்.

கழிவறைக்குப் போகும் வழியில் சிறு விளக்கு எரியட்டும். தரை ஈரமில்லாமல் இருக்கட்டும். இருட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் படுக்கையே கதியாகிவிடும்.

சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், சிறுநீர் அடைப்பு, கால் வீக்கத்தோடு மூச்சுத் திணறல் இருந்தால் தாமதிக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமின்றி இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

அடக்க முடியாமல் கசிகிறவர்களுக்குத் தொழுகையில் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதன் முறையை இமாம் அவர்களிடம் கேட்டு வாப்பாவுக்குச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு ஒதுங்கிய ஒரு பெரியவர் மறுபடி ஸஃப்பில் வந்து நின்றால், அது நம் எல்லோருக்கும் சந்தோஷம்.

நம் பெற்றோருக்கு அல்லாஹ் ஆஃபியத்தைத் தருவானாக, ஆமீன்.