சதங்கை கட்டிய மாணவர்கள்



நான் கல்லடியிலிருந்து வருகிறேன். மட்டக்களப்பு வாவியைப் பாலத்தால் கடந்தால் எங்கள் ஊர். சுவாமி விபுலானந்தர் அடக்கமான மண் அது. 1982இல் அங்கே இசை நடனக் கல்லூரி ஒன்று தொடங்கியது. இன்று அது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். அங்கே படிக்கிற பிள்ளைகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

சுவாமியை ‘யாழ் நூல்’ எழுதியவராக எல்லோருக்கும் தெரியும். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவர், பக்கத்திலிருந்த திருவேட்களத்துச் சேரிக்குப் போய் அங்குள்ள பிள்ளைகளுக்குப் படிப்பித்தார் என்பதையும் நாம் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தின் வேலை அதன் மதிலோடு முடிவதில்லை என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது.

மதிலைத் தாண்டிய அந்த உறவு கூத்திலும் வந்தது. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை வளாகத்துக்கு அழைத்தார். பழக்க வந்தவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். கூத்துப் பழக்கும் ஆசானைத்தான் அண்ணாவியார் என்போம். பட்டதாரியாகப் போகிற பிள்ளைகள் ஒரு கிராமத்துக் கலைஞரைக் குருவாக வணங்கி, தாளக்கட்டைச் சொல்லிச் சொல்லிக் கால் பழகினார்கள். 1962இல் ‘கர்ணன் போர்’, 1965இல் ‘இராவணேசன்’. விடிய விடிய ஆடுகிற கூத்து சுருங்கி மேடைக்கு வந்தது.

‘இராவணேசன்’ எழுதியவர் அன்றைய மாணவர் சி. மௌனகுரு. பின்னாளில் மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதியானார், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார், அதே நாடகத்தைத் தன் மாணவர்களுக்கும் பழக்கினார். மாணவப் பருவத்தில் தொட்ட ஒரு காரியம் அவருடைய ஆயுட்காலப் பணியாயிற்று.

பேராதனையில் கூத்து வளாகத்துக்குப் போனது. 2000களின் தொடக்கத்தில் கிழக்குப் பல்கலைக்கழக விரிவுரையாளர் சி. ஜெயசங்கரும் அவரோடு நின்றவர்களும் சீலாமுனைக் கிராமத்துக்குப் போனார்கள். கூத்து மீளுருவாக்கம் என்று அதற்குப் பெயர். கூத்துப் பிரதியில் பெண்ணை இப்படிச் சொல்லலாமா, சாதியை இப்படிப் பேசலாமா என்று ஆடுகிற ஊர்ச் சனமே கூத்தாடும் களரியில் இருந்து விவாதித்தது. என் எண்ணத்தில் பேராதனையை விடவும் பெரிய அடி இதுதான். படித்தவர் சொல்ல ஊர் கேட்ட காலம் போய், ஊர் சொல்லப் படித்தவரும் கேட்டார்கள்.

கூத்துப் பழக வருகிற ஒரு பிள்ளைக்கு என்ன நடக்கிறது? கூத்துப் பழக்கத்தில் சட்டங்கொடுத்தல் என்று ஒரு நாள் உண்டு. யாருக்கு எந்தப் பாத்திரம் என்று தீர்ந்து, பாட்டுக் கொப்பி கைக்கு வரும் நாள். கேட்ட பாத்திரம் கிடைக்காது. கிடைத்ததை ஏற்க வேண்டும். வகுப்பறையில் வாய் திறக்கக் கூசுகிற ஒரு மாணவி வரவுப் பாட்டோடு களரிக்குள் வருகிறாள். தாளம் தப்பி, குனிந்து தன் காலைப் பார்க்கிறாள். அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்துகிறார். “மகள், காலைப் பாராத. மத்தளத்தைக் கேள்.” திரும்பவும் முதலிலிருந்து. அவள் பாட்டை விட்ட இடத்தில் பிற்பாட்டுக்காரர் எடுத்துக் கொடுக்கிறார். ஓரத்தில் இருக்கிற கிழவிக்கு அந்தப் பாட்டு முழுவதும் மனப்பாடம். அவருக்கு முன்னால் பிழைவிட்டு, திருத்தி, மறுபடி பாடி முடித்த பிள்ளை பிறகு எந்த நேர்முகப் பரீட்சைக்கும் பயப்படாது. உடுப்புத் தேடுவது, கணக்கு வைப்பது, கோயில் நிருவாகத்தோடு பேசி இடம் கேட்பது, எல்லாருக்கும் சோறு போதுமா என்று பார்ப்பது, இவையும் அவள் தலையில்தான். இதற்கெல்லாம் பரீட்சையில் புள்ளி இல்லை. பெற்றோர் கவலைப்படுவது எனக்கு விளங்குகிறது. ஆனாலும் அந்தப் பிள்ளையை மறித்துவிடாதீர்கள்.

வளாகத்தில் கூடிச் செய்கிற எல்லாமே ஆளை வளர்க்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். புதிய மாணவரை மூத்தவர்கள் வதைக்கும் பகிடிவதையைத் தடைசெய்து இலங்கையில் 1998இலேயே சட்டம் வந்தது. இன்னும் ஒழியவில்லை. மூத்த மாணவர், புதிய மாணவர் ஒற்றுமைக்காக என்று அதற்குச் சொல்கிற நியாயம் பச்சைப் பொய். பயந்து ஒடுங்கிய பிள்ளைக்கு யாரோடும் ஒற்றுமை வராது. சேர்ந்து ஒரு வேலையைச் செய்து முடித்தவர்களுக்குத்தான் அது வரும்.

புலம்பெயர்ந்து வாழும் இங்கே உங்கள் பிள்ளைகளும் பல்கலைக்கழகங்களில் தமிழ் மாணவர் சங்கம் நடத்துகிறார்கள், கலைவிழா வைக்கிறார்கள், ஊருக்குப் பணம் சேர்த்து அனுப்புகிறார்கள். அந்த உழைப்புக்கு நன்றி. நான் கேட்பது இன்னொன்று. ஊரில் அண்ணாவியார்மாருக்கு வயதாகிக்கொண்டு போகிறது. பலருடைய பாட்டும் தாளமும் அவர்கள் நெஞ்சில் மட்டும்தான் இருக்கின்றன. அடுத்த முறை ஊருக்கு வரும்போது, வேளாண்மை வெட்டு முடிந்து கூத்துப் பழகும் காலமாகப் பார்த்து வாருங்கள். மேடைக்கும் பொன்னாடைக்கும் ஒதுக்குகிற காசில் ஒரு பங்கை, பழக்குகிற அண்ணாவியாருக்குக் கொடுங்கள். உங்கள் பிள்ளையைக் களரிக்குக் கூட்டி வாருங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்துவிட்டுப் போக வேண்டாம், எங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து சதங்கை கட்டட்டும். தங்க இடமும் சாப்பாடும் கல்லடியில் எங்கள் பொறுப்பு.