பொன்னுருவி கேட்ட கேள்வி

(சங்கராபுரத்தில் கூத்துக் கலைஞர்களும் மாணவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

'ஒரு நடிகனின் அனுபவங்கள்' என்று தலைப்புப் போட்டு என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நோட்டீசைப் பார்த்து என் வீட்டுக்காரி, "நீ எப்ப நடிகன் ஆன?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். சினிமாவில் இருக்கிறவன் நடிகன். சபாவில் நாடகம் போட்டவன் நடிகன். நாங்க கூத்தாடி. என் மகள் பள்ளிக்கூடத்தில் அப்பா தொழில் என்ன என்று கேட்டபோது கூலி என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்தது. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டப் போகிறேன் இல்லையா, அதனால் அது பொய்யும் இல்லை.

நடிகர்கள் தங்கள் வாழ்க்கையை எழுதுவது தமிழில் ஒன்றும் புதுசு இல்லை. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர். வக்கீல், அப்புறம் நீதிபதி. 'நாடகமேடை நினைவுகள்' என்று பல பாகங்கள் எழுதி வைத்திருக்கிறார். சங்கரதாஸ் சுவாமிகளுடைய பாய்ஸ் கம்பெனியில் சின்னப் பையனாகச் சேர்ந்த அவ்வை சண்முகம் 'எனது நாடக வாழ்க்கை' எழுதினார். இரண்டும் முக்கியமான புத்தகங்கள், மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். ஆனால் படித்த கனவான்கள் மேடை ஏறும்போது 'நாங்கள் கூத்தாடிகள் இல்லை' என்று ஊருக்குக் காட்ட வேண்டியிருந்தது. அப்படித் தள்ளி வைக்கப்பட்ட கூத்தாடி யார், அவன் என்ன சாப்பிட்டான், எங்கே படுத்தான், அவன் பெண்டாட்டி என்ன சொன்னாள் என்று எழுத யாரும் இல்லை. அவனிடம் பேனா இல்லை. பேனா வைத்திருந்தவன் அவனிடம் போகவும் இல்லை.

சரி, தொழிலைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் கூத்தில் ராஜ வேஷத்துக்குக் கட்டை கட்டுவோம். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் மரம். கல்யாண முருங்கை மாதிரி லேசான மரத்தில் செதுக்கி, கலர் காகிதமும் கண்ணாடித் துண்டும் ஒட்டியிருக்கும். லேசான மரம் என்று பேர்தானே ஒழிய, ராத்திரி பத்து மணிக்குக் கட்டி விடியற்காலம் அவிழ்க்கும்போது தோளில் தடிப்பு தடிப்பாக இருக்கும். முகத்துக்கு அரிதாரம் பூசவே ஒன்றரை மணி நேரம், இரண்டு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் யாருடனும் பேசக்கூடாது என்பார் எங்கள் வாத்தியார். பேசினால் கோடு கோணும் என்பது ஒன்று. இன்னொன்று, அந்த நேரத்தில்தான் இவன் போய் அவன் வரணும்.

அப்புறம் திரைப் பிரவேசம். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். உள்ளே இருந்து பாட்டு வரும், சலங்கை சத்தம் வரும், ஆள் தெரியமாட்டான். ஜனம் திரையையே பார்த்துக்கொண்டிருக்கும். திரை விலகினதும் கிறுக்கி அடித்துக்கொண்டு களரிக்கு வர வேண்டும். மைக் இல்லாத காலத்தில் பழகிய குரல் எங்களுடையது. கடைசி வரிசைக் கிழவிக்குக் கேட்கணும் என்று உச்சத்தில் பிடிப்போம். இப்போது மைக் வந்த பிறகும் குரலை இறக்க வரவில்லை. அதனால் நாற்பது வயசுக்குள் தொண்டை போனவர்கள் எத்தனையோ பேர்.

எனக்குப் பன்னிரண்டு வயசில் பெண் வேஷம் கொடுத்தார்கள். மீசை முளைத்ததும் கர்ணன். அன்று முதல் கர்ணன்தான். இந்த வட்டாரத்தில் 'கர்ண மோட்சம்' கேட்காத ஊர் கிடையாது. பதினேழாம் நாள் போருக்குப் போகும் முன்னால் கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். அவள் ராஜா மகள். இவன் தேரோட்டி வீட்டில் வளர்ந்தவன். 'உன் பிறப்பு என்ன, உன் குலம் என்ன' என்று அவனை நிற்கவைத்துக் கேட்கிறாள், கூடவே வைகிறாள். அந்தக் கட்டம் ஒரு மணி நேரம் ஓடும். அதுதான் கூத்தின் உயிர்.

தோழர்களே, யோசித்துப் பாருங்கள். பொன்னுருவி வேஷம் போட்டவன் என் சித்தப்பா மகன். கர்ணன் நான். இரண்டு பேரும் ஒரே சேரி. அவன் என்னைப் பார்த்து இழிபிறப்பு என்று பாடுகிறான். நான் அழுகிறேன். அந்த அழுகையை எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் ஊர் ஜனமும் அழுகிறது. முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். ஒரு பெரிய மனிதர் எழுந்துவந்து என் மார்பில் பத்து ரூபாய் நோட்டைக் குத்துகிறார், கட்டியங்காரன் அவர் பேரைச் சொல்லி வாழ்த்துகிறான். விடிந்ததும் அதே மனிதர் வீட்டுத் திண்ணைக்கு எதிரே நாங்கள் தரையில் உட்கார்ந்து, வேறு டம்ளரில் டீ குடித்தோம். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. ஒரு ஊர் பேரைச் சொன்னால் மற்ற ஊரெல்லாம் சுத்தம் என்று ஆகிவிடும்.

'வேஷத்துக்குச் சாதி கிடையாது' என்று சில ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். கட்டை கட்டிவிட்டால் சேரிக்காரனும் ராஜாதானாம், அது தலைகீழாக்கமாம், கலகமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என் அனுபவத்தில் சாதி கண்ணை நன்றாகத் திறந்துவைத்துப் பார்க்கிற இடமே வேஷம்தான். விடிஞ்சா கழட்டிடுவான் என்கிற தைரியத்தில்தான் ராத்திரிக்கு அனுமதி. கழற்றமாட்டான் என்று தோன்றினால் என்ன நடக்கும்?

அதற்கும் சாட்சி இருக்கிறது. மலையாளத்தின் முதல் பேசாத படம் 'விகதகுமாரன்', ஜே.சி. டேனியல் எடுத்தது. 1928 என்றும் 1930 என்றும் சொல்கிறார்கள். அதில் கதாநாயகி பி.கே. ரோசி. புலையர் சாதிப் பெண். காக்கரிசி நாடகத்தில் ஆடிப் பழகியவர், நம்ம மாதிரிக் கூத்துக்காரி. படத்தில் அவருக்கு நாயர் வீட்டுப் பெண் வேஷம். திருவனந்தபுரத்தில் படம் போட்டபோது புலையப் பெண் நாயர் பெண்ணாக நடிப்பதா என்று கல்லெறிந்தார்கள், கலவரம் பண்ணினார்கள். ரோசி ஊரைவிட்டே ஓடினார். நாகர்கோவில் பக்கம் வந்து, நடிகை என்பதை மறைத்து, வேறு பேரில் வாழ்ந்து முடித்தார். அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. கூத்து விடிந்தால் கலைந்துவிடும். சினிமாவில் அந்தப் பெண் நாயர் பெண்ணாகவே நின்றுவிடுவாள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ரோசி தன் வாழ்க்கையைத் தானே சொல்லி ஒரு பக்கம் இருந்திருந்தால்! இல்லை. அவரைப் பற்றிய எல்லாமே மற்றவர்கள் பிறகு தேடி எழுதியது.

பழைய கதைதானே என்று நினைக்கிற மாணவர்கள் 'பரியேறும் பெருமாள்' பார்த்திருப்பீர்கள். 2018இல் மாரி செல்வராஜ் எடுத்த படம். அதில் பரியனுடைய அப்பா பெண் வேஷம் கட்டி ஆடுகிற கலைஞர். அவரை வேட்டியை உருவி ஓட ஓட விரட்டுவார்கள். தியேட்டரில் எனக்கு அதற்கு மேல் உட்கார முடியவில்லை. அந்த வேஷத்தில் நடித்தவர் நெல்லை தங்கராசு. நிஜத்திலும் பெண் வேஷம் கட்டி ஆடியவர்தான். படம் ஓடிய பிறகும் அவருக்கு ஒழுங்கான வீடு இல்லை. அது செய்தியாக வந்த பிறகுதான் உதவி வந்தது. 2023 பிப்ரவரியில் இறந்துபோனார். அந்த ஓட்டத்தை ஓடும்போது அவர் மனசில் என்ன ஓடியது? நடிப்புப் பற்றிப் பாடம் எடுக்கிறவர்கள் அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

நம்மில் எழுதி வைத்தவர் என்றால் கே.ஏ. குணசேகரன். சிவகங்கைப் பக்கம் மாரந்தையில் பிறந்தவர். பாடகர், நடிகர், பேராசிரியர். இன்குலாபின் 'மனுசங்கடா' பாட்டை மேடைமேடையாகக் கொண்டுபோனவர். 'பலியாடுகள்' நாடகத்தைத் தந்தவர். 2005இல் 'வடு' என்று தன் வரலாற்றை எழுதினார். 2016இல் போய்விட்டார். பாட்டும் பறையும் அவருக்கு எங்கிருந்து வந்தன, எந்தப் பசியோடு சேர்ந்து வந்தன என்பது அந்தச் சின்னப் புத்தகத்தில் இருக்கிறது. இந்த மாதிரி நூறு வடு இந்த வட்டாரத்திலேயே கிடக்கிறது.

இதில் ஒரு விவாதம் உண்டு, அதையும் பேசிவிட வேண்டும். 'பறை அடிக்காதே, சாவுக்குப் போகாதே' என்று இயக்கம் சொன்னது. சரிதான். கூலி இல்லாமல், குடிமைத் தொழிலாக அடிப்பதை விட்டொழித்துத்தான் ஆக வேண்டும். என் அப்பா விட்டார், அதற்காக அடியும் வாங்கினார். பிறகு அதே பறை நம் மேடையில் விடுதலைக் கருவியாக வந்தது. 2025இல் பத்மஸ்ரீ பட்டியலில் பறைக்கு வேலு ஆசானும் கூத்துக்குப் புரிசை கண்ணப்ப சம்பந்தனும் ஒன்றாக வந்தார்கள். சந்தோஷம். விருது கலைக்கு வந்துவிட்டது. அதை அடிக்கிற கைக்குச் சுடுகாட்டு வேலை இன்னும் பல ஊரில் போகவில்லை.

கூத்தைப் பற்றியும் தோழர்கள் கேட்கிறார்கள்: 'பாரதம் பார்ப்பனக் கதை. நமக்கு எதற்கு?' இந்தக் கேள்வியை நான் லேசாகத் தள்ளமாட்டேன். திரௌபதிக்காகத் துகில் கட்டத்தில் நாங்கள் ஊரையே அழவைக்கிறோம். அதே திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போனதற்காக 2023இல் விழுப்புரம் பக்கம் மேல்பாதியில் நம் பிள்ளைகளை அடித்தார்கள். ஜூன் மாதம் அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். 2025 ஏப்ரலில்தான் போலீஸ் காவலோடு நம் ஜனம் உள்ளே போக முடிந்தது. திரௌபதியாக ஆடலாம், திரௌபதியைக் கும்பிட உள்ளே வரக்கூடாது! அப்படியானால் கூத்தை விட்டுவிடலாமா? என்னால் முடியாது. இந்தக் கால், இந்தக் குரல், திரைக்குப் பின்னால் நிற்கிற அந்த நிமிஷம், இதெல்லாம் பாரதம் எழுதினவன் கொடுத்தது இல்லை. எங்க தாத்தனுங்க கொடுத்தது. கதையை வேண்டுமானால் தகராறுக்கு இழுக்கலாம்.

அப்படித்தான் ஒன்று செய்தோம். கர்ண மோட்சத்தில் பொன்னுருவி வைத பிறகு கர்ணன் தன் ரகசியத்தைச் சொல்லுவான்: நான் குந்தி மகன், க்ஷத்திரியன். உடனே அவள் காலில் விழுவாள். இருபத்தைந்து வருஷம் இதை ஆடியிருக்கிறேன். ஆட ஆட எனக்கு ஒரு கேள்வி குடைய ஆரம்பித்தது. இவன் நிஜமாகவே தேரோட்டி மகனாக இருந்தால்? அப்போ அவ வைதது சரியா? கதை நம்மை அழவைத்துவிட்டு, 'அழாதே, அவன் மேல்சாதிதான்' என்று சமாதானம் சொல்கிறது. ஊர் ஜனம் அழுததும் அதற்குத்தான். தங்களில் ஒருத்தன் தெரியாமல் அவமானப்பட்டுவிட்டானே என்று அழுதார்கள். எனக்காக அழவில்லை.

போன பங்குனியில் எங்கள் சேரியில் கூத்து. வாத்தியாரிடம் சொன்னேன், இந்த முறை குந்தி பேச்சே வேண்டாம், 'ஆமாம், நான் தேரோட்டி மகன்தான், அதற்கென்ன' என்று நிற்கிறேன் என்று. அவருக்குக் கோபம். பாட்டை மாற்றினால் சாமி குத்தம் என்றார். அவர் பயமும் எனக்குப் புரிகிறது. இதைக் கேட்டால் வெளியூர்க்காரன் அச்சாரம் கொடுக்கமாட்டான், பதினாலு பேர் சோறு. கடைசியில் 'நம்ம தெருவில் மட்டும் ஆடிக்கோ' என்றார்.

ஆடினேன். 'தேரோட்டி மகன்தான்' என்று சொல்லிவிட்டு நின்றேன். மிருதங்கம் நின்றுபோச்சு. முன்வரிசையில் ஒரு கிழவி, "அப்படிச் சொல்லுடா" என்றாள். பின்னால் யாரோ, "அதுக்கு அவ இன்னா சொல்றா?" என்று கத்தினான். பொன்னுருவியாக நின்ற என் தம்பிக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அவளுக்கு அங்கே வசனமே கிடையாது, காலில் விழுவது மட்டும்தான். அவன் என்னைப் பார்க்கிறான், நான் அவனைப் பார்க்கிறேன். கட்டியங்காரன் புகுந்து ஏதோ தமாஷ் பண்ணி அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனார்.

இங்கே இருக்கிற மாணவர்களிடம் இரண்டு வேலை கேட்கிறேன். எல்லார் கையிலும் போன் இருக்கிறது. உங்கள் ஊர் வாத்தியாரிடம், கூத்தாடின பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசிப் பதிவு பண்ணுங்கள். எத்தனை பாட்டுத் தெரியும் என்று மட்டும் கேட்காதீர்கள். என்ன கூலி, எங்கே படுக்க வைத்தார்கள், யார் அடித்தது, அதையும் கேளுங்கள். அவர் வீட்டம்மாவிடம் தனியாகக் கேளுங்கள், அவங்க சொல்றது வேற மாதிரி இருக்கும்.

இரண்டாவது, பொன்னுருவிக்கு அந்த இடத்தில் வசனம் வேண்டும். எங்களால் இன்னும் எழுத முடியவில்லை. அவளைக் காலில் விழவைக்கவும் மனசில்லை, வைதுகொண்டே போகவைக்கவும் மனசில்லை. பெண் தோழர்கள் யாராவது எழுதிக் கொண்டுவாருங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஒத்திகை, எங்கள் தெரு வேப்பமரத்தடியில். தம்பி காத்துக்கொண்டிருக்கிறான்.