நோட்டில் ஆறு வரி

பொறியியல் கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் போடும் பிள்ளைகளுக்காக இன்று ஒரு தகவல்.

கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200-க்குக் கட்-ஆஃப். பக்கத்து வீட்டுப் பெண் தன் பட்டியலை நோட்டில் காட்டினாள். ஆறே கல்லூரி. ஆறிலும் போன வருஷம் கடைசியாக இடம் பெற்றவரின் கட்-ஆஃப் அவள் மார்க்கைவிட அதிகம். எனக்குப் பகீரென்றது.

ஆசைப்பட்ட கல்லூரியை மேலே எழுதுவதில் நஷ்டமே இல்லை. கணினி மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வரும். ஒன்று இல்லையென்றால் அடுத்ததற்கு இறங்கும். பட்டியல் தீர்ந்துபோனால்தான் ஆபத்து. கலந்தாய்வின் அந்தச் சுற்றில் இடமே கிடைக்காது. அதனால் போன வருஷக் கட்-ஆஃப் நம் மார்க்கை ஒட்டி முடிந்த கல்லூரிகளை நடுவில் தாராளமாக எழுதுங்கள். உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கும் பாடப்பிரிவுக்கும் உரிய கட்-ஆஃபைத்தான் பார்க்க வேண்டும்.

கடைசியில் நிச்சயம் கிடைக்கும் கல்லூரிகள் நாலைந்து. பலரும் இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறார்கள், அதுதான் வருத்தம். கிடைத்தால் மனசாரச் சேருவோமா? ஃபீஸ் கட்ட முடியுமா? லேப் எப்படி?

நேற்று அந்த நோட்டில் நாற்பது வரி இருந்தது. கடைசி வரியில் உள்ள கல்லூரியை, அப்பாவோடு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.