ஒரு மணித்தியாலம் யன்னலடியில்

(சங்க ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் மேடையில் பேசிப் பழக்கமில்லாத ஆள். ஏ.எல். எடுத்ததோடு படிப்பு நின்றது. இப்ப சான்ட்விச் பக்டரியில் இரவு வேலை. செயலாளர் அண்ணை விடவில்லை, அதுதான் வந்து நிற்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

போன வருடம் தை மாதம் மகள் பள்ளிக்கூடத்தால் ஒரு தாளோடு வந்தாள். வீட்டு யன்னலில் நின்று ஒரு மணித்தியாலம் குருவி எண்ணி அனுப்பவேணுமாம். போஸ்ற்கோட்டும் கேட்டிருந்தது. எனக்கு நெஞ்சு துணுக்கென்றது. 2009இல் முகாமில் எத்தனை தரம் எங்களை வரிசையில் விட்டு எண்ணினார்கள், எத்தனை பதிவு! "உது எங்களுக்கு வேண்டாம் பிள்ளை" என்று மடித்து வைத்தேன். "அப்பா, அவை குருவியைத்தான் எண்ணுகினம், எங்களை இல்லை" என்றாள்.

பிறகு விசாரித்தேன். பிரித்தானியாவின் அரச பறவைகள் பாதுகாப்புச் சங்கம் 1979இல் சிறுவர்களுக்காகத் தொடங்கிய வேலை இது. சில நூறு தாள் வரும் என்று பார்த்திருக்க, 34,000 வந்து குவிந்ததாம். தை மாதக் கடைசி வாரஇறுதியில் விரும்பிய ஒரு மணித்தியாலம். மேலால் பறக்கிறது கணக்கில்லை, வந்து இறங்கினதுதான் கணக்கு. அதிலும் ஒரே நேரத்தில் ஆகக்கூட எத்தனை நின்றது என்றுதான் எழுதவேணும். ஒரு றொபின் மூன்று தரம் வந்தால் அது மூன்று றொபின் இல்லைத்தானே. ஒன்றும் வராவிட்டாலும் அனுப்பத்தான் வேணும்.

1979இல் ஒரு தோட்டத்துக்குச் சராசரி 10 வீட்டுக்குருவி. பிறகு அது பாதிக்கும் கீழே போய்விட்டது. 2002இல் சிவப்புப் பட்டியலில் போட்டார்கள். எங்கும் நிற்கிற குருவிதானே என்று இருந்திருந்தால் ஆருக்குத் தெரிந்திருக்கும்?

அது வேறொன்றுமில்லை, எங்கட அடைக்கலங்குருவி. ஊரில் அம்மம்மா அது கூடு வைக்க என்று வீட்டு இறப்பில் முட்டி கட்டித் தொங்கவிட்டவா. பேரைச் சொன்னதும் மகள், "அடைக்கலம் எண்டால் என்னப்பா?" என்று கேட்டாள். அதுவரை அவளுக்கு நான் அந்தக் கதை ஒன்றும் சொன்னதில்லை. அன்றைக்குப் பக்கத்தில் இருத்தி, முகாமில் தொடங்கி ஹீத்ரோ வரைக்கும் சொன்னேன்.

ஞாயிறு காலை நித்திரைக் கண்ணோடு எண்ணினோம். புறா 4, மக்பை 2, றொபின் 1. அடைக்கலங்குருவி 0. அந்தப் பூச்சியத்தை மகள் எழுதினாள். போஸ்ற்கோட்டை நான் எழுதினேன்.

வாற தையில் எண்ண விருப்பமான ஆக்கள் தேத்தண்ணி நேரம் மகளிட்டைப் பேரைக் குடுங்கோ. போஸ்ற்கோட் இப்ப தேவையில்லை.